எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெயிலில் கரண்ட் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன புதன்கிழமை தடுப்பூசி போட்டு முடித்து, மிச்சக் குப்பிகளை ஐ.எல்.ஆர். என்கிற தடுப்பூசி ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் திருப்பி வைக்கும்போது வெப்பமானியைப் பார்த்தேன். 4 டிகிரி. முந்தின நாள் காலையிலிருந்தே ஊரில் கரண்ட் கிடையாது. இந்த மடலை இதற்கு மேலும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வீடு வீடாக வந்து நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் உங்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: வேதாரண்யம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். தடுப்பூசிகளைக் குளிரில் காப்பதும் என் பொறுப்பு. 2 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலைதான்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் சொல்லிக் கொடுத்தது. ஐ.எல்.ஆர். பெட்டியின் சுவரைச் சுற்றி ஐஸ் இருக்கும். நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் வந்தால் போதும், மீதி நேரத்தை அதுவே சமாளித்துக்கொள்ளும். எங்களுக்கு எட்டு நிமிஷம்கூட வரவில்லை. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வர ரோடு வேண்டும். ரோடெல்லாம் தென்னை மரம்.

சரி என்று ஐஸ் பேக் வைத்துத் தூக்கிப் போகும் குளிர்பெட்டியில் குப்பிகளை அடுக்கினேன். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைத்துவிட முடியாது. காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், அதுவரைக்கும் வெளியே கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்டாவேலன்ட் என்கிற ஐந்து நோய்த் தடுப்பூசி உறைந்துபோகும், உறைந்தது வீண். கூரை ஓடு பறந்த அறையில், டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு பேக்காகக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து, விழுந்த மரங்களுக்கு மேலே ஏறி இறங்கி, டீசல் இருந்த இடம்வரை கொண்டுவந்து சேர்த்த இரண்டு தம்பிகளுக்கு முதல் நன்றி. அதில் ஒருவர் இப்போது கப்பலில் இருக்கிறார். யாராவது இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

கஜாவுக்கு முன்பே ஒருமுறை எங்களுக்கு சோலார் வந்ததுண்டு. யார் கொடுத்தது என்பது இங்கே வேண்டாம். மாட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் அந்தப் பலகை மேல் வடகம் காய்ந்தது. அந்த வடகத்தில் நானும் சாப்பிட்டேன் என்பதால் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் தம்பி வந்து, பலகையைப் பற்றிப் பேசாமல், "மொதல்ல எது எது ஓடணும்னு சொல்லுங்க சார்" என்று கேட்டபோது எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்கையும் எழுதினார். 75 வாட் இழுத்த பழைய ஃபேன்களைக் கழற்றி 28 வாட் ஃபேன் மாட்டச் சொன்னார். டியூப் லைட் போய் எல்.இ.டி. வந்தது. "செலவைக் கொறச்சுட்டு அப்புறம் சம்பாதிப்போம்" என்றார். அந்தப் பட்டியலில் தன் அறை ஏ.சி.யைத் தானே பேனாவால் அடித்துவிட்ட டாக்டர் அம்மாவுக்கும் நன்றி. மே மாதத்தில் அவர் அறைக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். கடைசியில் ஐ.எல்.ஆர்., பிரசவ அறை விளக்கு, பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர், சளி உறிஞ்சும் சக்ஷன் இவை மட்டும் தனி லைனில் வந்தன. வார்மர்தான் பெரிய தீனிக்காரன். அதனால் அந்த லைனில் கெட்டில்கூடச் செருகக் கூடாது என்று பிளக்குக்கு மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்.

அடுத்தது தென்னை மரம். பலகை வைக்கக் குறித்த இடத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பக்கத்து வீட்டு ஆத்தாவின் தென்னை நிழல் விழுந்தது. ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும். வெட்டிவிடலாமா என்று கேட்கப் போனோம். அவர் தோப்பில் கஜாவுக்குத் தப்பியது அந்த ஒரு மரம்தான். ஆத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை, "உங்களுக்கு வேணும்னா வெட்டிக்கங்க" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு எங்களுக்கு அதிலேயே இளநீர் வெட்டிக் கொடுத்தார். திரும்பி வந்த தம்பி ஒன்றும் பேசாமல் கூரையின் கிழக்கு ஓரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார். இரண்டு நாள் கூடுதல் வேலை, கூலி கேட்கவில்லை. ஆத்தா, மரம் நிற்கிறது, உங்களுக்கும் நன்றி.

நம் ஊர்க் காற்றில் உப்பளத்து உப்பு கலந்தே இருக்கும். பத்து நாள் விட்டால் பலகை மேல் வெள்ளைப் படலம் பிடித்துவிடும். போர் தண்ணீரில் கழுவினால் அதிலும் உப்பு, கறை இன்னும் கூடும். மழைநீர்த் தொட்டித் தண்ணீரை வாளியில் மேலே ஏற்றி, வெயில் ஏறுவதற்கு முன் துடைத்துவிட்டு, காய்ந்த துணியோடு இறங்கி வருகிறார் எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம் என்று தம்பி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அக்கா அதை எங்களுக்கு வாரம் ஒரு தடவை சொல்கிறார்.

கூரை தாங்குமா என்று ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பொறியாளருக்கும், கோப்பை நகர்த்திய வட்டார மருத்துவ அலுவலருக்கும், ஊராட்சித் தலைவருக்கும் நன்றி.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வருகிறேன். நல்ல மழை. மேகமூட்டத்தில் பலகை அரை வயிறுதான் சாப்பிடும், அதனால் மாலையே பாதி விளக்குகளை அணைத்துவிட்டோம். பதினொரு மணிக்குப் பிரசவம். வார்மருக்குக் கீழே குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பெண்ணின் மாமியார் வெளியே ஊர் முழுக்க இருட்டாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் எப்படிம்மா கரண்டு?" என்று சிஸ்டரிடம் கேட்டார். சிஸ்டர் மேலே கை காட்டினார். அந்த அம்மா சாமியைச் சொல்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டிய பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. கணக்கு நோட்டு என் மேஜையிலேயே இருக்கிறது, ஊருக்கு வரும்போது பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் இன்னும் இரண்டு கேன் மீதி இருக்கிறது. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஊர் ஆஸ்பத்திரி மருந்தாளுநர்