காலாண்டு நிறைவு – பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் பிள்ளைகள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். அனைவருக்கும் பாராட்டுகள். திருத்திய விடைத்தாள்கள் விடுமுறை முடிந்ததும் தரப்படும்.

அடுத்து, மாநகரப் பேருந்திலும் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலிலும் வந்துபோகும் பிள்ளைகளைப் பற்றி. உடன் பயணம் செய்யும் முன்பின் தெரியாதவர்களிடம் சிலர் போன் நம்பரும் வீட்டு விலாசமும் சொல்லியிருப்பது வகுப்பாசிரியர்கள் மூலம் தெரியவந்தது. விபரீதம் எதுவும் நடக்கவில்லை. நடக்கும்வரை காத்திருக்க வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

“யாரிடமும் பேசாதே” என்று சொல்லி அனுப்பிப் பயனில்லை. நெரிசலில் பின்னால் இருப்பவரின் டிக்கெட் காசை வாங்கிக் கண்டக்டர் பக்கம் நீட்டவேண்டும், உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுக்கவேண்டும். அதிலெல்லாம் தவறில்லை. எந்த கிளாஸ், எங்கே இறங்குவாய், வீட்டில் இப்போது யார் இருப்பார்கள், இன்ஸ்டாவில் இருக்கிறாயா என்று பேச்சு திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். இவை ஒரே நாளில் கேட்கப்படுவதில்லை. தினமும் அதே வண்டி, அதே முகம். சில வாரங்களில் அவர் ‘தெரிந்த அங்கிள்’ ஆகிவிடுகிறார். ஆபத்தானவர் என்றால் முரட்டு ஆள் என்றே பிள்ளைகள் நினைப்பதால், சிரித்துப் பேசுபவர்மீது சந்தேகமே வருவதில்லை. மாணவிகளுக்கு மட்டுமல்ல, மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

பஸ் பாஸைக் காட்டியதும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளட்டும். உங்கள் நம்பர் அதில்தான் இருக்கிறது. “ஒரு கால் பண்ணிக்கிறேன்” என்று யாராவது போன் கேட்டால் கண்டக்டரைக் கைகாட்டினால் போதும். அந்த ஒரு காலில் நம்பர் அவர்களிடம் போய்விடும். சங்கடமாக இருந்தால் பதில் சொல்லாமல் கண்டக்டர் பக்கம் நகரலாம். மாணவிகள் அடுத்த நிலையத்தில் மகளிர் பெட்டிக்கு மாறலாம். அந்த ஆளும் கூடவே இறங்கினால் வீட்டை நோக்கி நடக்கக்கூடாது. ஆள் நடமாட்டமுள்ள கடையில் நின்று உங்களை அழைக்கவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112, ரயில் என்றால் 139 ஆகிய எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாகவேண்டும். பேருந்தில் தினமும் பார்க்கும் ஒருவரிடம் “கொஞ்சம் பார்த்து இறக்கிவிட்டுடுங்க” என்று பிள்ளையை ஒப்படைப்பதையும், வழியில் போகும் பைக்கை நிறுத்தி ஏற்றி அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. பெற்றோரே நம்பிக் கைகாட்டியவரைப் பிள்ளை எப்படிச் சந்தேகப்படும்? நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் பெயர் இல்லாத எவருடனும், உறவினரே ஆனாலும், மாலையில் பிள்ளையை அனுப்பமாட்டோம். வாயிலில் காவலரிடம் வாக்குவாதம் வேண்டாம்.

பிள்ளை ஏதாவது வந்து சொன்னால், “நீ ஏன் பேசினே?” என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். அந்த ஆள் எந்த ஸ்டாப்பில் ஏறினார், என்ன கேட்டார் என்று நிதானமாக விசாரித்து, மறுநாள் காலையே எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நீங்கள் ஓடுவது எங்களுக்குத் தெரியாததல்ல. பேருந்து நிறுத்தம்வரை நடந்துவந்து ஏற்றிவிடும் தாத்தா பாட்டிகளுக்கும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துவரும் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. இத்துடன் உள்ள படிவத்தில், அழைத்துச்செல்ல வருவோர் பெயரையும் தற்போது பயன்பாட்டிலுள்ள இரண்டு கைபேசி எண்களையும் எழுதி, பள்ளி திறக்கும் நாளன்று வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்