காற்றுக்கு ஏது லெவல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேம் பக்கத்தில் கடற்போர் கேம்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். தண்ணீர் எவ்வளவு தத்ரூபமாகத் தெரிகிறது, எந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதைச் சொல்வதற்குள்ளேயே பக்கம் தீர்ந்துவிட்டது. வாங்கி ஆடுகிறவர் எங்கே திணறுவார், எங்கே வெறுத்துப்போய் மூடிவைப்பார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பாத்திரத்தை ஏற்று அதை வளர்த்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களையும் கப்பல் சண்டை கேம்களையும் வெகு காலமாக ஆடி வருகிறவன் நான். இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது வரும் கோளாறைப் பற்றிப் பேச ஆளே இல்லாததால் இந்தக் கடிதம்.

ரோல்-பிளேயிங் கேமில் எல்லாமே எண்தான். வாளுக்கு ஓர் எண், கவசத்துக்கு ஓர் எண், எதிரியின் தலைக்கு மேல் அவன் பலத்தைச் சொல்லும் ஒரு லெவல். தரையில் இது பழகிவிட்டது, யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே கணக்கைக் கப்பலுக்குப் போடும்போதுதான் உதைக்கிறது. பாய்க்கப்பல் காலத்துச் சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே பாதி வெற்றி. பீரங்கிகள் பெரும்பாலும் இரண்டு பக்கவாட்டிலும் வரிசையாக இருக்கும். முன்னாலும் பின்னாலும் பெயருக்குச் சில. எதிரியின் பின்புறத்தைக் குறுக்காகக் கடந்துவிட்டால் நம் பக்கத்து வரிசை முழுவதும் சுடலாம், அவனால் பதிலுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. குண்டு பின்பக்கத்து ஜன்னல்களை உடைத்துக்கொண்டு உள்ளே போய், தளத்தின் நீளம் முழுக்க ஓடும். 1805-ல் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல், பிரெஞ்சுத் தளபதி இருந்த பூசந்தோர் கப்பலுக்குச் செய்தது இதைத்தான். இப்போதைய பல கேம்களில் இதையே அச்சுப் பிசகாமல் செய்தாலும், எதிரிக் கப்பல் நம்மைவிட நாலு லெவல் கூட என்றால் அதன் உயிர்க்கோடு மயிரிழைதான் குறையும். அப்படியென்றால் இவ்வளவு நேரம் சுக்கானைத் திருப்பியது எதற்கு?

இந்த விஷயத்தில் என் ஓட்டு இன்னமும் ‘சிட் மையர்ஸ் பைரேட்ஸ்!’ கேமுக்குத்தான். மூலம் 1987, நான் சொல்வது 2004-ல் வந்த புதுப் பதிப்பு. எதிரிக் கப்பலுக்கு லெவல் கிடையாது. கரீபியனில் உண்மையில் வீசுவதுபோலவே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும். மேற்கே போவது சுகம், திரும்பி வருவது வேதனை. பெரிய கப்பல்தான் பலம் என்று நினைத்துக் கனத்த கேலியன் கப்பலில் ஏறி உட்காருகிறவர்கள், காற்றை எதிர்த்து நகரவே முடியாமல் தவிப்பார்கள். ஸ்லூப் என்ற சின்னக் கப்பல் போதும். காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், எப்போது நெருங்குவது என்று நீங்கள் தீர்மானிக்கலாம். சண்டை தொடங்கியதும் பாயைச் சுருக்குங்கள். வேகம் குறையும், ஆனால் கப்பல் சட்டென்று திரும்பும், பாய்க்கும் அடி குறைவு. தூரத்தில் சங்கிலிக் குண்டால் அவன் பாயைக் கிழிக்க வேண்டும். கிட்டே வந்தபின் சிதறு குண்டால் ஆள் பலத்தைக் குறைக்க வேண்டும். அப்புறம்தான் மோதி ஏறுவது. சாதாரண உருண்டைக் குண்டையே போட்டுக்கொண்டிருந்தால் கப்பல் மூழ்கிவிடும், சரக்கும் கூடவே போய்விடும்.

அந்தக் கேமில் ரோல்-பிளேயிங் இல்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, எண்ணாகத் தெரியாது, அவ்வளவுதான். ரொம்ப நாள் கடலிலேயே வைத்திருந்தால் மாலுமிகள் முணுமுணுப்பார்கள். கொள்ளையைப் பங்கு போடாமல் இழுத்தடித்தால் கலகம் வரை போகும். நாயகனுக்கு வயதாகும், கை வேகம் குறையும். இதைவிட என்ன பாத்திரப் படைப்பு வேண்டும்?

2013-ல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்’ பற்றி உங்கள் கட்டுரை சொன்ன பாராட்டெல்லாம் சரி. காற்றின் பங்கு இதில் குறைவுதான், ஆனால் ஆடுகிறவரின் கைத்திறன் நன்றாகப் பேசும். புதிதாக ஆடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். எந்தக் கப்பலையும் தாக்கும் முன் தொலைநோக்கியில் பாருங்கள். அதன் லெவலும் உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பதும் தெரியும். நம் ஜாக்டா கப்பலை வலுவாக்க மரமும் உலோகமும் வேண்டும், அதிலும் உலோகம் எப்போதும் பற்றாக்குறை. எனவே உலோகம் ஏற்றிய கப்பலாகத் தேர்ந்தெடுத்து அடியுங்கள். மூழ்கடித்தால் சரக்கில் பாதிதான் கிடைக்கும். செயலிழக்க வைத்து ஏறிப் பிடித்தால் முழுவதும் நம்முடையது, பிடித்த கப்பலை வைத்து நம் கப்பலைப் பழுதும் பார்த்துக்கொள்ளலாம். எதிரி சுடும் நொடியில் எல்லோரையும் குனியவைக்கும் பட்டனை அழுத்தப் பழகாதவர்கள் கடைசி வரை பழுது பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

வரைபடத்தின் மூலைகளில் காத்திருக்கும் பெருங்கப்பல்களில்தான் பலர் நொந்து விடுகிறார்கள். எல் இம்போலுட்டோ என்ற கப்பல் வந்த வேகத்தில் முட்டும். அதற்கு நேரே நின்று சுட்டுக்கொண்டிருப்பது வீண், வரும் பாதையிலிருந்து விலகி அது கடந்து போகும்போது பக்கவாட்டு வரிசையைத் திறக்க வேண்டும். ஃபியர்லெஸ், ராயல் சாவரின் என்று இரட்டையாக வரும் இரண்டுக்கும் நடுவில் மாட்டாமல், இரண்டுமே ஒரே பக்கத்தில் இருக்கும்படி வெளிவட்டத்தில் சுற்றுங்கள். ஒன்றை மட்டும் முதலில் முடித்துவிட்டால் மற்றது வெறி பிடித்து முட்ட வரும், ஆகவே இரண்டின் உயிரையும் சமமாகக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

2018-ல் வந்த ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2: டெட்ஃபயர்’ நேர் எதிர். எழுத்தும் கதையும் உயர்தரம். மாலுமிகளுக்குத் தனித்தனிப் பெயர், வேலை, அனுபவம். நல்ல சாப்பாடு போட்டால் மனவலிமை ஏறும், மட்டமான ரொட்டியைப் போட்டால் இறங்கும். இவ்வளவையும் கட்டிவிட்டுக் கப்பல் சண்டையை மட்டும் படமும் எழுத்துமாகப் பட்டியலில் தேர்ந்தெடுக்கும் ஆட்டமாக்கிவிட்டார்கள். பெரும்பாலோர் செய்வது என்ன? நேராக ஓட்டி, மோதி ஏறி, தளத்தில் தங்கள் குழுவை வைத்து வழக்கமான சண்டையைப் போடுகிறார்கள். பீரங்கிக்குக் கொட்டிய காசு தண்டம். அதை ரசித்து ஆட ஒரு வழி இருக்கிறது: இடப்பக்கப் பீரங்கிகளைச் சுட்டதும் கப்பலைத் திருப்பி வலப்பக்கத்தைக் காட்டுங்கள். அதைச் சுட்டு முடிப்பதற்குள் இடப்பக்கம் மறுபடி குண்டு ஏற்றியிருக்கும். தேர்ந்த பீரங்கியாளர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் நஷ்டமே இல்லை. தரைச் சண்டையின் குழப்பம் பிடிக்காதவர்களுக்கு 2019-ல் முறை வைத்து ஆடும் வசதியும் சேர்த்தார்கள்.

‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ பற்றி உங்கள் கட்டுரை ஏன் அவ்வளவு தயவு காட்டியது என்று எனக்குப் புரியவில்லை. 2017-ல் அறிவித்து, தள்ளித் தள்ளி, 2024 பிப்ரவரியில் வந்த கேம். களம் இந்தியப் பெருங்கடல், கரீபியனையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது ஒன்றே விருந்து. ஆனால் எதிரிக் கப்பலைப் பிடித்துக் கொக்கி எறிந்ததும் ஒரு சின்னக் காட்சி ஓடும், சரக்கு வந்து சேரும், முடிந்தது. ஏறிக் குதித்து வாள் வீசும் வேலை நமக்குக் கிடையாது. முழுப் பாய் விரித்து ஓட்டினால் மாலுமிகளின் தெம்பு தீர்ந்துபோகும், சோறு போட்டு ஏற்ற வேண்டும். கூடவே எதிரியின் தலைமேல் அந்தப் பழைய லெவல் எண். கடற்கொள்ளையன் கேமில் கொள்ளையை மட்டும் மற்றவர்கள் செய்துவிடுகிறார்கள்.

கப்பலே முக்கியமில்லாத ரோல்-பிளேயிங் கேம்களிலும் கடல் ஒரு தலைவலிதான். 2015-ல் வந்த ‘விட்சர் 3’-ல் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். பெரும்பாலும் கடத்தல்காரர்கள் மூழ்கடித்த சரக்குகள். மகளாக வளர்த்த பெண்ணைத் தேடி ஓட வேண்டியவன், பானையும் கயிறும் பொறுக்கப் படகு ஓட்டிக்கொண்டிருப்பான். மேலே சைரன்கள் என்ற பறக்கும் பிராணிகள் வட்டமிட்டுப் படகை உடைக்கும். என் யோசனை, அந்தக் கேள்விக்குறிகளை வரைபடத்திலேயே மறைத்துவிடுங்கள், கதையில் ஒன்றும் குறையாது. போயே தீருவேன் என்பவர்கள் தண்ணீருக்குள் குறுக்குவில்லைப் பயன்படுத்தவும், எதிர்ப்படும் பிராணி ஒரே அம்பில் சாகும். திரும்பி வரும்போது துடுப்புப் போட வேண்டியதில்லை, படகில் இருந்தபடியே தெரிந்த துறைமுகத்துக்குத் தாவலாம்.

இரும்புக் கப்பல் பிரியர்களுக்கு ‘வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்’ பற்றி ஒன்றே ஒன்று: போர்க்கப்பலில் பக்கவாட்டை நேராகக் காட்டித் திரும்பாதீர்கள். சாய்ந்து நின்றால் கவசம் துளைக்கும் குண்டு பட்டுத் தெறிக்கும். அதற்கும் விதிவிலக்கு உண்டு. ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவின் 460 மி.மீ. குண்டுக்கு 32 மி.மீ. தகடு எந்தக் கோணத்தில் நின்றாலும் தடையில்லை. எதிர் அணியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் துணிச்சல் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனியாக ஆடும் ஒரு கேமை நான் பணம் கொடுத்து வாங்கினேன், பெயர் வேண்டாம். இணையம் அறுந்தால் தலைப்புத் திரைக்கே தள்ளிவிடும். எங்கள் ஊரில் மழை வந்தால் இணையம் போய்விடும், அதாவது எனக்கு வீட்டில் உட்கார்ந்து ஆட நேரம் கிடைக்கிற அன்றுதான் ஆட முடியாது. அட்டையில் இந்தத் தகவல் எறும்பு எழுத்தில் இருந்தது. இன்னொன்றில் வசன எழுத்து அவ்வளவு பொடி, டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருந்தது. இனி உங்கள் விமர்சனங்களின் கீழே நாலு வரி சேர்க்க முடியுமா? இணையம் கட்டாயமா, நினைத்த இடத்தில் சேவ் செய்யலாமா, எழுத்தைப் பெரிதாக்கலாமா, டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும். தண்ணீர் பளபளப்பதைப் பற்றி ஒரு பத்தி குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்