கல்யாணத்துக்கு முன்பே கிடைத்த வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க நிலவடிவமைப்பாளர் பீட்ரிக்ஸ் ஃபேரண்ட் பற்றி வந்த கட்டுரையில், "யேல் பேராசிரியரான கணவரின் செல்வாக்கால் பல்கலைக்கழகங்களில் தோட்டம் போடும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது" என்று ஒரு வரி. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை வடிவமைக்க அவரை அழைத்தது 1912இல். மாக்ஸ் ஃபேரண்டை அவர் மணந்தது 1913 டிசம்பரில். அழைப்பு வந்தபோது அவர் பீட்ரிக்ஸ் ஜோன்ஸ். 1899இல் அமெரிக்க நிலவடிவமைப்பாளர் சங்கத்தைத் தொடங்கிய 11 பேரில் அவர் ஒருவர்தான் பெண். கல்யாணமே ஆகாத காலத்தில் வந்த வேலைக்குக் கணவர் எப்படிக் காரணமாவார்? ஆண்டுகளை ஒருமுறை ஒப்பிட்டிருந்தாலே தெரிந்திருக்குமே ஐயா.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பிரின்ஸ்டன் வளாகத்தில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். விஸ்டீரியாக் கொடியும் மக்னோலியா மரமும் கல் சுவரை ஒட்டியே ஏறி நிற்கின்றன. சுவரடியில் புதர்களை அடைத்தால் கட்டடம் மறையும், பிள்ளைகள் நடக்கிற இடமும் குறையும் என்பதால் செடியைச் சுவரில் ஏற்றியவர் அவர். விடுமுறையில் பூத்து யார் பார்ப்பது என்று, மாணவர்கள் இருக்கும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அழகு காட்டும் செடிகளாகத் தேர்ந்தெடுத்தார். வளாகத்துக்கென்றே நாற்றங்கால் வைத்துக் கன்றுகளை வளர்த்தார். 1943 வரை அங்கே இந்த வேலை நடந்தது. யேல், சிகாகோ பல்கலைக்கழக வேலைகள் எல்லாம் பிரின்ஸ்டனில் தொடங்கிய பிறகு வந்தவைதான். பிரின்ஸ்டனை விட்டுவிட்டு அல்ல, அதோடு சேர்த்து. இதற்குப் பெயர் "தோட்டம் போடுவது" மட்டும்தானா? அங்கே தேவாலயத்தின் அருகில் அவர் நினைவாக ஓர் இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்துவிட்டு வந்தவள் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதில்லை என்பதும் வருத்தம். இதே கட்டுரை அவரை "எழுத்தாளர் ஈடித் வார்ட்டனின் அண்ணன் மகள்" என்றுதான் தொடங்குகிறது. அத்தை பெயர், கணவர் பெயர் எல்லாம் வந்த பிறகுதான் அவர் பெயர் வருகிறது. முன்பு நீங்கள் போட்ட பல்கலைக்கழகக் கட்டடங்கள் சிறப்பிதழிலும் கோபுரங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது, மரங்களுக்கு ஒரு வரி இல்லை. அதற்கும் எழுதினேன். அந்தக் கடிதம் பத்திரிகையில் வரவில்லை.

நான் ஒரு கல்லூரியில் 28 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள். என் கணவரும் அங்கேதான் வேலை பார்த்தார். நான் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத்தான் எங்களுக்குக் கல்யாணம். ஆனாலும் என் பணிநிறைவு விழா மேடையில் ஒருவர், "சார் தயவில் உள்ளே வந்தவங்க, நல்லா உழைச்சாங்க" என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வாசலிலிருந்து நூலகம் வரை நான் மாணவிகளோடு நட்டு, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய புங்க மரங்களின் நிழலில்தான் அந்தப் பந்தல் போட்டிருந்தார்கள். அன்று நான் பதில் பேசவில்லை. அதை நினைத்து இன்றும் மனசு ஆறவில்லை.

எனவே இதையாவது சொல்லிவிடுகிறேன். அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: பிரின்ஸ்டன் 1912, திருமணம் 1913. வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.