தூக்கிப் பார்த்து வாங்குபவனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை, விட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். அதட்டல் மட்டும் குறையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் கதாபாத்திரச் சிலை, அதுவும் பாலிஸ்டோனில் செய்தது, அதற்கு முன்பணம் கட்டப் போகிறாயாமே! "பி.வி.சி. வெறும் பிளாஸ்டிக், இது கல், தூக்கினாலே விலைக்குத் தகுந்த சரக்கு என்று தெரிகிறது" என்று எழுதியிருக்கிறாய். அகராதியையே தூக்கிப் பார்த்து வாங்கியவன் நீ, வேறு எப்படி எழுதுவாய்?

கல் எங்கேயடா இருக்கிறது? ரெசின் என்ற செயற்கைப் பிசினில் கல்தூளைக் கலந்து, ரப்பர் போன்ற சிலிக்கோன் அச்சில் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். ரெசினும் தூளும் ஒன்றும் பொன் விலை விற்கவில்லை. சிலிக்கோன் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே நைந்துபோகும். அப்புறம் ஒவ்வொரு சிலையையும் ஆள் உட்கார்ந்து தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். பி.வி.சி.க்கு உலோக அச்சு. அதைச் செய்யத்தான் பெருஞ்செலவு, செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் தள்ளலாம். நீ கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்கும் குறைந்த எண்ணிக்கைக்கும்தான் போகிறது.

அந்த ஜாவா கதை உனக்குத் தெரியுமா? ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பொம்மைகளை 1978-இல் கென்னர் நிறுவனம் விற்க ஆரம்பித்தபோது, ஜாவா என்ற குட்டி உருவத்துக்கு வினைல் என்ற பிளாஸ்டிக்கில் அங்கி போட்டிருந்தது. பார்க்க மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். இன்று துணி அங்கிக்காரனைத் தேடி யாரும் அலைவதில்லை. வினைல்காரனுக்குத்தான் அடிதடி! அதே வரிசையில் வந்த ஓபி-வான் பொம்மையின் வினைல் அங்கியைக் கத்தரித்து மாட்டிப் போலி செய்கிற அளவுக்குப் போய்விட்டது. மட்டமென்று கழித்த பொருள்தான் இப்போது விலை போகிறது.

அதே கென்னரின் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பொம்மை இன்னொன்று. முதுகிலிருந்து ராக்கெட் பாயும்படி வடிவமைத்தார்கள், குழந்தை விழுங்கிவிடும் என்ற பயத்தில் கடைக்கே அனுப்பவில்லை. தப்பிப் பிழைத்த சோதனை மாதிரிகளில் ஒன்று 2024-இல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. மூன்றே முக்கால் அங்குலப் பிளாஸ்டிக். உன் தராசில் வைத்துப் பார்!

பொருளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாங்கிய பிறகுதான் அது தன் வேலையைக் காட்டும். என் அலமாரியில் இருக்கும் பி.வி.சி. வீராங்கனையின் காலில் போன வாரம் விரலை வைத்தேன். மெல்லிய பிசுபிசுப்பு, அதில் ஒட்டிய தூசி. பிளாஸ்டிக்கை இளக்கக் கலக்கும் எண்ணெய் போன்ற சரக்கு மெல்ல வெளியே கசிகிறது, சூடு பட்டால் இன்னும் மோசம். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பு விட்டுக் கழுவினேன், இப்போது பரவாயில்லை. பொம்மைகளுக்குப் போடும் செயற்கைத் தோல் கோட்டு, பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் உரிந்துவிடும். உலோகமாவது நிலைக்கும் என்பாய். ஈயம் கலந்துபோன பழைய துத்தநாக வார்ப்புகள் வெடித்துப் பொடியாகிக் கிடப்பதை வந்து பார். உன் பாலிஸ்டோனோ கீழே விழுந்தால் தீர்ந்தது. மெல்லிய விரலும் வாள்நுனியும் பெட்டியில் வரும் வழியிலேயே முறியும். அப்படி முறிந்தால் அதன் கனமா உனக்குப் பணத்தைத் திருப்பித் தரும்?

முகத்தைப் பாரடா. ஒரே பி.வி.சி.யில் செய்த இரண்டு உருவங்களில் ஒன்று உன்னைப் பார்க்கிறது, மற்றது சுவரைப் பார்க்கிறது. கண்மணி மயிரிழை விலகினாலும் போச்சு. விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கைதேர்ந்தவர் வண்ணம் தீட்டிய முன்மாதிரி. உன் வீட்டுக்கு வருவது வேறு. ஆகவே வாங்கியவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்புறம் முன்பணம் கட்டு. உடைந்தால் மாற்றுப் பாகம் தருவார்களா என்றும் எழுத்தில் கேட்டு வை.

முகம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். அந்தக் கண்ணாடி போட்ட நண்பனிடம் மட்டும் யோசனை கேட்காதே. அவனுக்கு எல்லாமே முதலீடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்