உமையாளுக்கு: கதையின் மூலத்தைத் தேடும் வழி

காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. உலகத்துப் புராணங்களைப் படிக்கப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்தது. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பெயரும் உறவுமுறையும் பார்க்க, படம் போட்ட கலைக்களஞ்சியம் ஒன்று போதும். கதைக்கு அதை நம்பாதே. பல நூற்றாண்டு இடைவெளியில் நாலு பேர் சொன்னதை ஒரே பத்தியில் கலந்திருப்பார்கள்.

அகலிகையையே எடுத்துக்கொள். வால்மீகியின் பாலகாண்டம் 48ஆம் சர்க்கத்தில் அவள் கல்லாவதில்லை. காற்றை உண்டு, யார் கண்ணிலும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில் கல். அதனால் அவளைக் கல்லாக்கியவன் கம்பன்தான் என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். பரிபாடல் 19ஆம் பாட்டைத் திற. திருப்பரங்குன்றத்து ஓவியத்தில் அவள் ஏற்கெனவே கல்லுருவாகி இருக்கிறாள். கம்பனுக்குப் பல நூற்றாண்டு முந்தைய பாட்டு அது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால்தான் இது பிடிபடும்.

கிரேக்கத்திலும் அப்படித்தான். உலகத்துத் துன்பமெல்லாம் வெளிவந்த கலத்தைப் பண்டோராவின் பெட்டி என்கிறோம். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொன்னது பெரிய சாடி, நம் இரண்டாம்கட்டில் இருக்கும் ஊறுகாய் ஜாடியைவிடப் பெரியது. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் லத்தீனில் எழுதும்போது அது பெட்டியாகிவிட்டது. கிரேக்கக் கதைகளுக்கு அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய புராணத் தொகுப்பை வைத்துக்கொள். ஃபிரேசர் மொழிபெயர்த்து 1921இல் வந்த இரண்டு தொகுதிகள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதன் அடிக்குறிப்புகள்தான் பொக்கிஷம்: அதே கதையை வேறு யார், எங்கே சொன்னார் என்று காட்டும். ராபர்ட் கிரேவ்ஸின் 1955ஆம் வருஷத்துக் கிரேக்கப் புராண நூலில் சான்றுக் குறிப்பை மட்டும் பார். அவர் தரும் விளக்கங்களை எடுத்துக்கொள்ளாதே.

களிமண் பலகைகளில் கிடைத்த மெசபடோமியக் காவியம் கில்காமேஷுக்கு ஆண்ட்ரூ ஜார்ஜின் 1999 மொழிபெயர்ப்பு. அதில் சதுர அடைப்புக்குறி வந்தால் களிமண் பலகை அங்கே சிதைந்திருக்கிறது என்று பொருள். தடங்கலே இல்லாமல் ஓடும் பதிப்பு கையில் வந்தால், உடைந்த இடங்களை யாரோ இட்டு நிரப்பியிருக்கிறார்கள். வெள்ளக் கதை 11ஆம் பலகையில் இருக்கிறது.

வட ஐரோப்பியத் தேவர்களான ஓடின், தோர் கதைகளை 1220 வாக்கில் எழுதிவைத்த ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி கிறிஸ்தவர். ஐஸ்லாந்து மதம் மாறி அப்போதே இருநூறு வருஷம் ஆகியிருந்தது. தன் முன்னுரையில் அந்தத் தேவர்களை டிராயிலிருந்து வந்த மனிதர்கள் என்கிறார். எனவே அந்தத் தேவர்களைப் பாடும் பழம்பாடல்களின் தொகுப்பான ‘செய்யுள் எட்டா’வையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஜப்பானுக்கு அந்நாட்டுப் பழைய ஏடுகளான 712இன் கொஜிகியோடு 720இன் நிஹோன் ஷோகியையும் பார். இரண்டாவது நூல் ஒரே கதைக்கு ‘இன்னொரு ஏட்டில் இப்படி’ என்று மாற்று வடிவங்களை வரிசையாகத் தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த நேர்மை அது.

ஒரே மாதிரிக் கதை வேறெங்கு இருக்கிறது என்று தேட, கதைக்கூறுகளுக்கு எண் கொடுத்து அடுக்கிய ஸ்டித் தாம்சனின் ஆறு தொகுதி அட்டவணை. அதில் பிரளயத்தின் எண் ஏ1010. எண் ஒன்றாக இருப்பதால் கதை ஊர்விட்டு ஊர் போயிற்று என்று முடிவுகட்டாதே. கூறு ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழுக்கு 1910இல் வந்த கலைக்களஞ்சியம் அபிதான சிந்தாமணி. அதுவும் வாசல்தான், பெயரைக் கண்டுபிடித்து மூலத்துக்குப் போய்விடு. அரிய பழம்பதிப்பு தேவையென்றால், நம் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன.

கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. நூலும் சர்க்கமும் அல்லது அடி எண்ணும், எழுதப்பட்ட காலம், எழுதியவர், மற்ற வடிவத்திலிருந்து மாறுவது எங்கே: இந்த நாலும் போதும். அகலிகைக்கு எழுதி முதலில் அனுப்பு, ஆத்தா. உரையோடு கூடிய பாலகாண்டத்தைப் பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி