கம்பத்தை இறக்கிவிட்டேன், முருகேசா

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசா,

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. உன் வீட்டு மொட்டை மாடியில் நின்ற ஆன்டெனாக் கம்பத்தைப் போன மாதம் இறக்கிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "நான் வந்து பார்க்கிறேன், பொறு" என்பாய். நீ ராய்ப்பூரிலிருந்து கிளம்பி வருவதற்குள் இன்னொரு ஆடிக் காற்று வந்து போயிருக்கும்.

உன் அம்மாவின் காரியத்துக்குப் பிறகு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அது என் மனதை அரித்துக்கொண்டேதான் இருந்தது. சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். வாரம் ஒருமுறை போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லையே என்று எழுதாமல் இருந்தேன். இப்போது சொல்ல இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். ஜெபமணிக்கு இரண்டாவது கண்ணிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இனி கேரம் ஆட்டத்தில் கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

கம்பத்துக்கு வருகிறேன். கைப்பிடிச் சுவரில் அடித்திருந்த கிளாம்பைச் சுற்றி விரிசல் விட்டுவிட்டது. அடிக்குழாயை உப்புக் காற்று தின்று, விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது. இழுகம்பி மூன்றில் ஒன்று அறுந்து தொங்கியது. கீழே எஸ்தர் அக்கா வீட்டுத் தகரக் கூரை. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காற்றடிக்கும் இரவுகளில் பேரப்பிள்ளைகளை முன்னறையில் படுக்கவைக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், நாற்பதடிக் குழாயையும் மூன்று துண்டாகக் கழற்றி இறக்கினோம்.

அடித்துண்டைத் துணியால் துடைத்தபோதுதான் அந்தக் குறிகள் கண்ணில் பட்டன. நினைவிருக்கிறதா? அரத்தால் ராவிய இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் "ரூ", இன்னொன்றின் மேல் "கொ". உன் கையெழுத்துதான், "ரூ" எழுதும்போது அந்தச் சுழியை இன்றைக்கும் நீ அப்படித்தான் இழுக்கிறாய். சைக்கிளுக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயின்ட். வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது, அழியவில்லை. அந்த மாடியில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ரூ" என்பது தென்கிழக்கு. ரூபவாஹினி, இலங்கைத் தொலைக்காட்சி. 1982 பிப்ரவரி 15 அன்று அந்த ஒளிபரப்பு தொடங்கியது. ஜப்பான் அரசு கட்டிடமும் கருவிகளும் கொடுத்தது. பிதுருதலாகலை மலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், இலங்கையிலேயே உயரமான இடத்தில் கோபுரத்தை நிறுத்தினார்கள். அவர்களும் நாமும் ஒரே PAL ஒளிபரப்பு முறை, படத்துக்கு ஒரே 625 கோடுகள். அதனால்தான் இங்கே வாங்கிய பெட்டியில் அங்கிருந்து வந்த படம் அப்படியே விழுந்தது. சென்னையில் 1975-லேயே நிலையம் வந்துவிட்டது. அதனால் நமக்கு என்ன? அந்தப் படம் இவ்வளவு தெற்கே எட்டவில்லை. நமக்கு முதலில் கிடைத்த தொலைக்காட்சி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் வியப்பொன்றும் தோன்றவில்லை, இல்லையா?

வியக்க வேண்டியது எதற்கென்று இத்தனை வருடம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இயற்பியல் வகுப்பில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பல் எண்ணிக்கொண்டிருந்ததால் உனக்காக எளிதாகச் சொல்கிறேன். மத்திய அலை வானொலி தரையை ஒட்டி வளைந்து போகும்; அதற்கு மலை வேண்டாம், ஈரமான சமவெளி போதும். தொலைக்காட்சி அலையும் பண்பலையும் அப்படியல்ல. ஏறக்குறைய கண்ணின் பார்வை போலத்தான் போகும். பூமியின் வளைவு மறைத்தால் முடிந்தது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, நான்கால் பெருக்கினால், எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். பிதுருதலாகலைக்கு அது இருநூறு கிலோமீட்டர் சொச்சம். நம் நாற்பதடிக் கம்பம் பதினைந்து கிலோமீட்டர் போலக் கூட்டும். ஆனால் அந்த மலைக்கும் உன் வீட்டு மாடிக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது! கணக்குப்படி நமக்கு ஒரு புள்ளிகூடத் தெரிந்திருக்கக் கூடாது.

தெரிந்ததற்குக் காரணம் மன்னார் வளைகுடா. காற்றில்லாத மாலைகளில் கடலை ஒட்டி ஈரக் காற்று ஒரு அடுக்காகவும், அதன் மேல் சூடான, உலர்ந்த காற்று இன்னொரு அடுக்காகவும் படியும். அலை இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மாதிரி, பூமியின் வளைவோடு வளைந்து வந்துசேரும். காற்றுக் கிளம்பினால் அடுக்குக் கலைந்துவிடும், படமும் போய்விடும். உப்பளத்து மாமா மாலையில் வானத்தைப் பார்த்துவிட்டு "இன்றைக்குப் படம் விழும்" என்பாரே, அவர் சொன்னது பெரும்பாலும் தப்பவில்லை. காற்று அடங்கினால் கடல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒன்று போதுமானதாக இருந்திருக்கிறது.

மாடியிலிருந்து கத்தினால் கீழே கேட்காது என்று ராஜத்தின் கையில் கயிறு கட்டிவிட்டது நினைவிருக்கிறதா? தெளிந்தால் ஒரு இழுப்பு, மோசமானால் இரண்டு இழுப்பு. படத்தில் லயித்துப்போய் அவள் இழுக்க மறந்துவிட, நாம் குழாயை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டோம். டிசம்பரில் அவள் வரும்போது கேட்டுப் பார்; இன்னும் நான்தான் தவறாகச் சுற்றினேன் என்பாள்.

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். 1983 ஜூலை. கொழும்பில் கலவரம். புறக்கோட்டையில் உன் சித்தப்பாவின் கடை என்ன ஆயிற்று, அவர் என்ன ஆனார் என்று பதினோரு நாள் செய்தி இல்லை. ஒரு மாலை உன் அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாடிக்கு ஏறினார். நாம் பின்னாலேயே போனோம். கிளாம்பைத் தளர்த்தி, கம்பத்தை அணைத்துப் பிடித்து, வடக்கே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி இறுக்கினார். அது ஆடிக் காற்றின் காலம். எப்படியும் படம் விழாத மாதம். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஏறித் திருப்பினார். சித்தப்பா உடுத்திய துணியோடு வந்துசேர்ந்த பிறகும் அதைத் திருப்பச் சொல்லவில்லை, நாமும் தொடவில்லை. அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்தக் குழாயைத் தொட்டபோது அவர் கைதான் நினைவுக்கு வந்தது.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் வந்து, சென்னை நிகழ்ச்சிகள் இந்தப் பக்கம் எட்டத் தொடங்கியபோது நாம் மேலே ஏறினோம். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வரைபடம் வைத்துப் பார்த்தால், அப்பா நிறுத்திய இடத்திலிருந்து சற்றே மேற்கே நகர்த்தினால் போதும் என்று இருந்தது. "கொ" குறி அப்படி வந்ததுதான். வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்க உன் வீட்டு முற்றம் நிறைந்தது. அப்பா நாற்காலியை எடுத்துப்போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த மலையிலிருந்து நம் ஊர் நூற்றெண்பது கிலோமீட்டர் போல இருக்கும். அதன் பார்வை எட்டும் எல்லையின் விளிம்பு. கம்பத்தை இருபதடியில் நிறுத்தியிருந்தால் படம் இவ்வளவு தெளிவாக விழுந்திருக்காது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வாரம் முன்பு பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கே போய்விட்டேன். கோபுரத்தைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. சிவப்பும் வெள்ளையுமாக இரும்புச் சட்டம். பாதிக்கு மேல் மூடுபனி. கொஞ்ச நேரம் நின்றேன். பனி விலகி உச்சி ஒரு நிமிடம் தெரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஏதோ ஒரு மலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபுரத்துக்கு ஏறும் தடித்த செப்புக் கேபிளுக்குள் ஈரம் புகாமல் இருக்க உலர்ந்த காற்றை இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். மழைக்காலத்தில் அந்தக் காற்றழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார்களாம். இடி விழுந்து மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை மூச்சு நின்றுவிடும் என்றார். நாம் கீழே "ஐயோ, படம் போய்விட்டதே" என்று தலையில் அடித்துக்கொண்ட நேரத்தில் மேலே ஒருவர் குளிரில் டார்ச் விளக்கோடு ஓடியிருக்கிறார்! அவருக்கு இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்று பார்த்தேன். இருட்டத் தொடங்கியபோது கீழே பெரியகுளத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

இனி என் கவலையைச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் தொடங்கி 2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. டிஷ்ஷும் கேபிளும் வந்தபிறகு அதைப் பார்க்க ஆள் இல்லை. மின்சாரத்தை வீணாக்கி என்ன பயன்? ஆனால் அதே மலையிலிருந்து வரும் கோடை பண்பலை இருக்கிறதே, 100.5, அதையும் ஒருநாள் "யார் கேட்கிறார்கள்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 உனக்குத் தொலைக்காட்சிச் செய்தி. எங்களுக்கு அப்படியல்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் போனது, அடுத்து கைப்பேசி போனது. கைப்பேசிக் கோபுரம் எட்டுவது சில கிலோமீட்டர். அதற்குக் கீழே பேட்டரி தீர்ந்தால், தண்ணீர் ஏறினால், அவ்வளவுதான். இரண்டாம் நாள் இரவு, மாடியில் பிளாஸ்டிக் விரிப்புக்குள் மனைவி, மருமகள், குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். மகன் திருச்செந்தூரில் மாட்டிக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் இரண்டு செல் போட்டுக் குமிழைத் திருகினேன். இரைச்சலுக்கு நடுவே மெலிதாகக் கோடை பண்பலை. ஒரு பழைய பாட்டு. பாட்டைக் கேட்டு மருமகள் முதன்முறையாக அழுதாள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவள். இங்கே எல்லாம் மூழ்கியிருக்கிறது, ஆனால் எங்கோ ஒரு மலைமேல் ஒரு நிலையம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற அந்த எண்ணம் அன்று எங்களுக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. மகன் மூன்றாம் நாள் நடந்தே வந்துசேர்ந்தான்.

அதனால்தான் உன்னைக் கேட்காமல் இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். குறி உள்ள அடித்துண்டில் துரு ஏறாத மூன்றடியை அறுத்து எடுத்து, கைப்பிடிச் சுவரின் மறு மூலையில் புதுக் கிளாம்ப் அடித்து நிறுத்தியிருக்கிறேன். காற்றுக்கு அசையாது, விழுந்தாலும் நம் மாடியிலேயேதான் விழும். அதன் தலையில் ஒன்றரை மீட்டர் அலுமினியக் குழாய் ஒன்று, பண்பலைக்கு. 100.5-க்கு அலையின் நீளம் மூன்று மீட்டர்; அதில் பாதி போதும். "கொ" குறியைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். நேற்று இரவு உன் முன்னறையில் உட்கார்ந்து கேட்டேன். பேச்சு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

வீட்டை விற்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல், கழற்றி எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டு துண்டுக் குழாயும் ஜெபமணியின் கொல்லையில் கிடக்கின்றன. அவன் பந்தல் போடக் கேட்கிறான். கொடுக்கட்டுமா?

உன்
பால்ராஜ்