‘ரவுண்டபவுட்’ வரிகளுக்குப் பொருள் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுபதுகளின் ப்ராக்ரஸிவ் ராக், அதாவது நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஒன்றை மட்டும் மறுக்கிறேன். யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ரவுண்டபவுட்’ பாட்டில் இசைதான் எல்லாம், வரிகளுக்குப் பொருள் கிடையாது என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ரவுண்டபவுட் என்றால் நாம் சொல்லும் ரவுண்டானாதான். 1971-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கச்சேரியை முடித்துவிட்டுக் குழுவினர் வேனில் கிளாஸ்கோவுக்குப் போகிறார்கள். வழி நெடுக ரவுண்டானாக்கள். மேகம் தாழ இறங்கி மலை உச்சிகளை மூடியிருக்கிறது. பாடகர் ஜான் ஆண்டர்சன் ஜன்னல் வழியே கண்டதுதான் பாட்டாகிறது. மலைகள் வானத்திலிருந்து வந்து நிற்கின்றன என்ற வரியைப் புரியாத கற்பனை என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உச்சி மறைந்த மலையைக் கீழேயிருந்து பார்த்தால் வேறு எப்படித் தெரியும்? மேலே மேகம், அதற்குள்ளிருந்து இறங்கி வரும் சரிவு. கண்டதைக் கண்டபடி சொன்ன வரி அது. பாட்டில் வரும் ஏரியும் அந்தப் பாதையோரத்து ஏரிதான். இருபத்துநான்கு என்று வருகிறதே, இன்னும் ஒரே நாளில் வீட்டுக்குப் போய் மனைவியைப் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. இதற்கா பொருள் இல்லை?

அப்புறம் அந்தத் தொடக்கம். பியானோ ஒலியை டேப்பில் பதிந்து, பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். ஒலி மெல்லப் பெருகி வந்து, சட்டென்று நிற்கும் இடத்தில் ஸ்டீவ் ஹோவின் கிட்டார் பிடித்துக்கொள்ளும். ஆண்டர்சனோடு சேர்ந்து பாட்டை எழுதியவரும் அவர்தான். வேன் பயணத்தின் கதை தெரிந்த பிறகு, மேகத்துக்குள்ளிருந்து ஒரு மலை நம்மை நோக்கி வருவதுபோலவே எனக்கு அந்த ஒலி கேட்கிறது.

அமெரிக்காவில் எட்டரை நிமிடப் பாட்டை மூன்றரை நிமிடத்துக்கு வெட்டி சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு இசைத்தட்டாக விட்டார்கள். 1972-இல் பில்போர்டு இதழின் பாடல் தரவரிசைப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது. ரேடியோவுக்கு அதுதான் சரிப்படும் என்றால் சரி. வாசகர்கள் ‘ஃப்ராஜில்’ ஆல்பத்தில் உள்ள முழுப் பாட்டைக் கேட்க வேண்டும். நடுவே ஆரவாரம் அடங்கி, தொடக்கத்துக் கிட்டார் திரும்பி வரும். மேகத்தை ஒட்டி மிதந்தபடி நிலத்தைத் தேடும் கழுகை ஆண்டர்சன் அதற்குச் சற்று முன்னால் பாடுகிறார்.

அடுத்த முறை இப்படி ஒரு பாட்டைப் பற்றி எழுதும்போது, அதன் வரிகள் பிறந்த இடத்துக்கும் இரண்டு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
திருச்சி